மாடி எடுத்த ஊர்

கண்ணாடிக்கடையின் பின்னறையில் ஒரு சின்ன அரைக்கல் இருக்கிறது. தண்ணீர் சொட்டச் சொட்ட அது சுழலும். அதன் முன்னால் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடிக்கு வரும் வட்ட லென்ஸ்களை பிரேமின் வடிவத்துக்குத் தேய்த்துக் கொடுக்கிறவளுக்குக் கடையில் எல்லோரும் வைத்த பெயர் நிதானம். வீட்டிலும் அதுவே ஒட்டிக்கொண்டது. லென்ஸைக் கையில் எடுத்தால் முதலில் கண்ணை மூடி, இது யாரோ ஒருவருடைய பார்வை ஆண்டவரே, என் கை தவறக் கூடாது என்று மனசுக்குள் சொல்வாள். பிறகு கொஞ்சம் தேய்ப்பாள், பிரேமில் வைத்துப் பார்ப்பாள், இன்னும் கொஞ்சம் தேய்ப்பாள். அதிகமாகத் தேய்த்துவிட்டால் ஒட்டவைக்க முடியாது பாருங்கள். முன்பக்கம் கண்ணாடிக்குக் காத்திருக்கிறவர் கொட்டாவி விடுவார், முதலாளி பெருமூச்சு விடுவார். ஆனால் அவள் தேய்த்த லென்ஸ் பிரேமில் ஆடியதாகச் சொல்லி யாரும் திரும்பி வந்ததில்லை.

இப்படிப்பட்டவள் கம்ப்யூட்டரில் கேம் ஆடுகிறாள் என்றால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். அவள் ஆடுவது சுடுகிற கேம் அல்ல. ஊர் கட்டுகிற கேம். வெறும் புல்வெளியில் ஆரம்பித்து, தெரு போட்டு, குழாய் பதித்து, விளக்கு வைத்து, ஜனங்களைக் குடிவைக்க வேண்டும். தண்ணீர் வராவிட்டால் திரையில் குட்டிக் குட்டி ஆட்கள் கோபமாகக் கையை ஆட்டுவார்கள். அவள் கணவர் குழாய் வேலைக்காரர். நாள் முழுக்க நிஜமான ஜனங்கள் தண்ணீருக்காகக் கையை ஆட்டுவதைப் பார்த்துவிட்டு வருகிறவர். "வீட்டுக்கு வந்தா இங்கயும் அதே கூட்டமா?" என்று கேட்டுக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார்.

இந்த ஊர் அவளுக்கு மட்டும் சொந்தமானது அல்ல. பாதி ஊர் அவளுடைய நாத்தனாருடையது.

நாத்தனார் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். அவளுக்குப் பெயர் எக்ஸ்பிரஸ். வேனை அவள் பத்திரமாகத்தான் ஓட்டுவாள், அதில் குறையே சொல்ல முடியாது. மற்றதெல்லாம்தான் எக்ஸ்பிரஸ். பேச்சு, நடை, சாப்பாடு, கோபம், எல்லாம். மாமனார் மாமியார் காலமான பிறகு அவர்கள் வீட்டைக் காலி செய்தபோது ஒரு பீரோ யாருக்கு என்று பேச்சு வந்தது. எக்ஸ்பிரஸ் வீட்டு மாடிப்படி குறுகல், பீரோ ஏறாது என்று அது நிதானம் வீட்டுக்கு வந்தது. ஏறுமா ஏறாதா என்று அளந்துகூடப் பார்க்கவில்லையே என்று எக்ஸ்பிரஸுக்குக் கோபம். அதற்குப் பிறகு சண்டை என்று ஒன்றும் இல்லை, பேச்சும் இல்லை. எங்காவது பார்த்தால் சாப்பிட்டாச்சா என்பார்கள். வீட்டுக்கு வாயேன் என்றால், எப்பவாச்சும் வர்றேன் என்பாள் அவள். அந்த எப்பவாச்சும் வருஷக்கணக்கில் வரவே இல்லை.

பிறகு எக்ஸ்பிரஸ் கால் எலும்பு முறிந்து படுத்துவிட்டாள். நிதானம் கடை முடிந்ததும் போய் உதவி செய்துவிட்டு வருவாள். என்ன பேசுவது என்று இருவருக்கும் தெரியாது. எக்ஸ்பிரஸ் பொழுது போகாமல் லேப்டாப்பில் இந்த ஊரைக் கட்டிக்கொண்டிருந்தாள். அவள் போட்ட தெருக்கள் எல்லாம் வேன் போகிற வேகத்தில் போட்டவை. வீடு இருக்கும், குழாய் இருக்காது. நிதானம் துணி மடித்தபடியே ஓரக்கண்ணால் பார்த்துப் பார்த்து, ஒருநாள் தாங்க முடியாமல், "அந்தத் தெருவுக்குத் தண்ணியே போகலையே" என்றாள். எக்ஸ்பிரஸ் மவுஸை அவள் பக்கம் தள்ளினாள். கடவுள் எந்த வாசல் வழியாக வருவார் என்று நமக்குச் சொல்லிவிட்டா வருகிறார்.

கால் சரியானது, வேன் ஓட ஆரம்பித்தது, ஆனால் ஊரை விட மனசில்லை. கண்ணாடிக்கடையில் ஒரு பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப் போட இருந்தார்கள். முதலாளி, எடுத்துக்கொண்டு போ என்றார். கடைக்கு வந்து போகிற கம்ப்யூட்டர்காரர் பார்த்துவிட்டு, இந்தக் கிழவனுக்கு இனிமேல் விண்டோஸ் தாங்காது என்று சொல்லி லினக்ஸ் போட்டுக் கொடுத்தார். திரையில் ஒரு பெங்குவின் வந்தது. கேம் விண்டோஸுக்கு என்று எழுதியது. அதை லினக்ஸில் ஓட்ட வைன் என்று ஒன்று இருக்கிறது, இது உன் வீடுதான் என்று கேமை நம்பவைத்துவிடும் என்றார். பெயரைக் கேட்டதும் நிதானத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் வீட்டில் அந்த வாசனையே கிடையாது. குழாய்க்காரருக்குக் கொண்டாட்டம். தெரு முழுக்க, "எங்க வீட்ல வைன் இருக்கு, நான் தொடறதில்ல, அவதான்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

கேமை ஏற்றும் வழியையும் கம்ப்யூட்டர்காரரே சொல்லிக் கொடுத்தார். கறுப்பு ஜன்னல் ஒன்றைத் திறக்க வேண்டும். அதில் ஒரு வரி தட்டி, சிடி இருக்கிற இடத்துக்குள் போக வேண்டும். உள்ளே போய் நின்றுகொண்டு இன்னொரு வரி தட்டினால், அங்கே இருக்கிற செட்டப் என்பது எழுந்து வந்து கேமை ஏற்றும். நிதானம் ஆரம்பப் பள்ளியோடு நின்றவள். ஆங்கில எழுத்துகள் அவளுக்குத் தனித்தனியாகத்தான் தெரியும். இரண்டு வரிகளையும் ஜெபம் போல மனப்பாடம் செய்து வைத்துக்கொண்டாள்.

ஊருக்கு இருவரும் ஒரு சட்டம் வைத்தார்கள். ஊர் எப்போதும் ஒரு வீட்டில்தான் இருக்க வேண்டும். ஒரு வாரம் இவள், மறு வாரம் அவள். ஞாயிற்றுக்கிழமை பென்டிரைவில் போட்டுக் கொடுத்ததும், கொடுத்தவள் தன் கம்ப்யூட்டரில் இருப்பதை அழித்துவிட வேண்டும். பெற்றுக்கொண்டு திறந்த பிறகு பென்டிரைவிலும் அழிக்க வேண்டும். இல்லாவிட்டால் எது நிஜ ஊர் என்று சண்டை வரும். பீரோவில் பட்டது போதும் என்று இருவருமே வாய்விட்டுச் சொல்லாமல் நினைத்துக்கொண்டார்கள்.

ஊருக்கு நடுவே ஓர் ஆறு ஓடுகிறது. இந்தக் கரை நிதானத்துக்கு, அந்தக் கரை எக்ஸ்பிரஸுக்கு. இந்தக் கரையில் மரங்களும் நேரான தெருக்களும். அந்தக் கரையில் ஒரே அமளி. நடுவில் ஒரு படகு மட்டும் போய்வரும். அவ்வளவு அகலமான ஆற்றில் பாலம் கட்ட அந்தக் கேம் விடாது. பாலம் வேண்டும் என்றால் எக்ஸ்பான்ஷன் போட வேண்டும். ஏற்கெனவே இருக்கிற கேமின் மேல் இன்னும் கொஞ்சம் சேர்த்து ஏற்றுகிற சிடிகள் அவை. குழாய்க்காரர் அதைக் கேட்டுவிட்டு, "அப்படிச் சொல்லு, கட்டின வீட்டு மேல மாடி எடுக்கறது" என்றார். அன்றிலிருந்து வீட்டில் அதற்கு மாடி என்றே பெயர்.

பழைய சாமான் கடை ஒன்றில் எக்ஸ்பிரஸ் கண்ணில் மாடிப் பெட்டிகள் இரண்டு பட்டன. இரண்டையும் வாங்கினாள், ஒன்று தனக்கு, ஒன்று அண்ணிக்கு. அவளால் ஞாயிறு வரை பொறுக்க முடியுமா. அன்றைக்கே தன் லேப்டாப்பில் போட்டாள், செருப்பில் கால் நுழைகிற மாதிரி நுழைந்துகொண்டது. வாரம் முழுக்க ஊரில் என்னவோ கட்டினாள். ஞாயிற்றுக்கிழமை பென்டிரைவோடும் பெட்டியோடும் வந்து நின்றாள். வருவதற்கு முன்னால், சட்டப்படி, தன் லேப்டாப்பில் ஊரை அழித்துவிட்டே வந்தாள்.

நிதானம் பென்டிரைவைச் செருகித் திறந்தாள். ஊர் திறக்கவில்லை. ஆங்கிலத்தில் ஒரு சின்னக் கட்டம் வந்தது, இந்த ஊருக்கு வேண்டிய மாடி இங்கே இல்லை என்று எக்ஸ்பிரஸ் படித்துச் சொன்னாள். அவ்வளவுதானே, பெட்டி இருக்கிறதே என்றாள் எக்ஸ்பிரஸ். நிதானம் கறுப்பு ஜன்னலைத் திறந்து, கண்ணை மூடி ஒரு நொடி வேண்டிக்கொண்டு, முதல் சிடியைத் தட்டில் வைத்து, மனப்பாட வரிகளை ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினாள். உள்ளே போனாள், செட்டப்பைக் கூப்பிட்டாள். எழுந்து வந்தது. பச்சைக் கோடு மெதுவாக நகர்ந்தது. பாதி வந்ததும், இரண்டாவது சிடியைப் போடு என்று கேட்டது.

சிடித் தட்டின் பொத்தானை அழுத்தினாள். தட்டு வெளியே வரவில்லை. மறுபடி அழுத்தினாள். உள்ளே ஏதோ முனகியது, அவ்வளவுதான். திரையில் இருந்த சிடிப் படத்தைத் தொட்டு வெளியே அனுப்பு என்றாள். புழக்கத்தில் இருக்கிறது, வெளியே விட முடியாது என்று வந்த பதிலையும் எக்ஸ்பிரஸ்தான் படித்துச் சொன்னாள்.

குழாய்க்காரர் சட்டைக் கையை மடித்துக்கொண்டார். அடைப்பு என்று எதைக் கண்டாலும் அவருக்குக் கை துறுதுறுக்கும். தட்டுக்குக் கீழே ஊசி நுழைகிற மாதிரி ஓர் ஓட்டை இருக்கிறது, கம்பியை விட்டு ஒரு நெம்பு நெம்பினால் வந்துவிடும் என்றார். நிதானம் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். நெம்பினால் தட்டு வரும், ஆனால் பாதி ஏறின மாடி என்ன ஆகும் என்று யாருக்குத் தெரியும். கம்ப்யூட்டர்காரருக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை, அந்த மனுஷனும் தூங்க வேண்டாமா.

எக்ஸ்பிரஸ் இதையெல்லாம் நின்றுகொண்டே பார்த்தாள். கடைசியில் பென்டிரைவை உருவிக் கையில் வைத்துக்கொண்டு, ரொம்ப நல்லவிதமாகவே சொன்னாள்.

"விடுங்க அண்ணி. பாவம், உங்களோடது பெங்குவின் கம்ப்யூட்டர், அதுக்கு இவ்வளவுதான் முடியும். ஊர் என்கிட்டயே இருக்கட்டும். நீங்க எப்பவாச்சும் வந்து பாருங்க."

எப்பவாச்சும். முன்னே வருஷக்கணக்கில் வராமல் இருந்த அதே எப்பவாச்சும். எக்ஸ்பிரஸ் வேன் சாவியை எங்கே வைத்தேன் என்று தேடிக்கொண்டே கூடத்துக்குப் போனாள்.

குழாய்க்காரர் குனிந்து மனைவியின் காதோடு ஒரு யோசனை சொன்னார். போன தடவை இவள் கொடுத்துவிட்டு அழித்த பழைய ஊர் இன்னும் கம்ப்யூட்டரின் குப்பைத்தொட்டியில்தான் கிடக்கிறது, தொட்டியைக் கொட்டவில்லையே. அதை எடுத்துப் போட்டுக்கொண்டால் மாடியும் வேண்டாம், பாலமும் வேண்டாம். ஆளுக்கு ஓர் ஊர் ஆயிற்று. அவர் சொன்னதில் கெட்ட எண்ணம் ஏதும் இல்லை. மனைவி முகம் வாடியதைப் பார்க்க முடியாமல் சொன்னார்.

நிதானம் குப்பைத்தொட்டிப் படத்தைப் பார்த்தாள். அவள் நட்ட மரம் எல்லாம் அதற்குள் இருந்தது.

"ஆளுக்கு ஒரு ஊர் ஆயிட்டா, அவ எதுக்குங்க இங்க வரணும்?" என்றாள்.

குழாய்க்காரர் கம்பியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

எக்ஸ்பிரஸ் சாவியோடு திரும்பி வந்தபோது நிதானம் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. திரையில் இருந்த அந்த ஒரு வரியை எழுத்தெழுத்தாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேலையில் எங்காவது இடித்தால், தேய்ப்பதை நிறுத்திவிட்டு எங்கே இடிக்கிறது என்று பார்ப்பது அவள் வழக்கம். புழக்கத்தில் இருக்கிறது என்று சொல்கிறது. யாருடைய புழக்கத்தில்? வீட்டில் வேறு யார் இதைத் தொட்டார்கள்? அதை வாய்விட்டே கேட்டுவிட்டாள்.

எக்ஸ்பிரஸ் நின்றாள். "இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள். நிதானம் சொன்னாள். எக்ஸ்பிரஸ் சாவியைச் சுழற்றிக்கொண்டே, தன் வேன் கதவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். பிள்ளைகள் இறங்கும் படியில் யாராவது நின்றால் அந்தக் கதவு மூடாது. என்ன அழுத்தினாலும் மூடாது, கீச்சுக்கீச்சென்று கத்தும். முதல் நாள் அவளும் கதவைத்தான் திட்டினாள். பிறகு பார்த்தால் ஒரு பெண்பிள்ளை படியில் நின்று தோழிக்குக் கை ஆட்டிக்கொண்டிருந்தது.

"கதவு மேல தப்பில்ல அண்ணி. படியில ஆள் நிக்குது. யாருன்னு பாருங்க."

நிதானம் கறுப்பு ஜன்னலைப் பார்த்தாள். ஜன்னலில் கடைசி வரிக்கு முன்னால், நாம் எங்கே நிற்கிறோம் என்று அது எப்போதும் எழுதிக் காட்டும். சிடியின் இடத்தை எழுதியிருந்தது. அவள்தானே உள்ளே போய் நின்றாள். மனப்பாடம் பண்ணின முதல் வரியே அதுதானே, உள்ளே போ என்று. அங்கே நின்றுகொண்டு செட்டப்பைக் கூப்பிட்டதால் அதுவும் கூடவே அங்கேயே நிற்கிறது. உள்ளே ஆட்களை வைத்துக்கொண்டு அந்தத் தட்டு எப்படி வெளியே வரும். பழைய கேம் ஒரே சிடியில் முடிந்துவிட்டது, நடுவில் தட்டைத் திறக்கிற வேலையே இல்லை. அதனால்தான் இத்தனை நாள் இது தெரியவில்லை. கம்ப்யூட்டர்காரரும் ஒரு சிடிக்குத்தான் வழி சொன்னார்.

"நான்தான் நிக்கறேன்" என்றாள் நிதானம். குழாய்க்காரர் நாற்காலிக்கும் மேசைக்கும் நடுவே குனிந்து பார்த்தார். இரண்டு பெண்களும் ஒரே சமயத்தில் சிரித்தார்கள். அவர் ஒன்றும் புரியாமல் கூடச் சேர்ந்து சிரித்துவைத்தார்.

இனி என்ன செய்வது என்று எக்ஸ்பிரஸ் கேட்டாள். ஏறிக்கொண்டிருப்பதை நிறுத்திவிட்டு முதலிலிருந்து வர வேண்டும் என்றாள் நிதானம். எக்ஸ்பிரஸுக்கு முதலிலிருந்து என்ற வார்த்தையே பிடிக்காது. ஆனாலும் சாவியைப் பையில் போட்டு, குழாய்க்காரர் இழுத்துப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்தாள்.

நிறுத்து என்றதும், நிஜமாகவா என்று செட்டப் கேட்டது. நிதானம் ஒரு மூச்சு விட்டு, ஆமாம் என்றாள். போட்டது எல்லாவற்றையும் ஒன்றொன்றாக எடுத்துக்கொண்டு அது போய்விட்டது. பிறகு கறுப்பு ஜன்னலில், முதல் வரியின் விலாசத்தை விட்டுவிட்டு முன்னால் இருக்கிற இரண்டு எழுத்தை மட்டும் தட்டினாள், சொந்த வீட்டுக்குத் திரும்பி வா என்று அதற்கு அர்த்தம் என்று கம்ப்யூட்டர்காரர் சொல்லியிருந்தார். பொத்தானை மெதுவாகத் தொட்டாள். தட்டு சர்ரென்று வெளியே வந்து நாக்கை நீட்டிக் காட்டியது. குழாய்க்காரர் இதுவரை அவள் வேலைக்குக் கை தட்டியதில்லை. அன்றைக்குத் தட்டினார்.

அடுத்தது கொஞ்சம் கடினம். இந்தத் தடவை உள்ளே போகக் கூடாது. வீட்டு வாசலில் நின்றுகொண்டே, இன்ன இடத்தில் இருக்கிற செட்டப்பே வா என்று முழு விலாசத்தையும் சேர்த்துக் கூப்பிட வேண்டும். அப்படி ஒரு வரி அவள் மனப்பாடத்தில் இல்லை. ஆனால் விலாசம் முதல் வரியில் இருந்தது, செட்டப்பின் பெயர் இரண்டாவது வரியில் இருந்தது. இரண்டையும் ஒட்ட வேண்டும், விலாசத்துக்குள் வருகிற மாதிரியே நடுவில் ஒரு சாய்கோடு போட வேண்டும். எக்ஸ்பிரஸ் விரலால் திரையைத் தொட்டுத் தொட்டு எழுத்தைச் சொன்னாள், நிதானம் தட்டினாள். எக்ஸ்பிரஸ் இரண்டு எழுத்து முன்னால் ஓடுவாள், நிதானம் நில்லு என்பாள். ஒருதரம் ஓர் எழுத்து விட்டுப்போய், அப்படி யாரும் இங்கே இல்லை என்று வந்தது. மறுபடி அடித்தார்கள். செட்டப் எழுந்து வந்தது.

பச்சைக் கோடு ஓடியது. இரண்டாவது சிடி கேட்டது. பொத்தானை அழுத்தியதும் தட்டு வந்தது, போட்டார்கள், போனது. மூன்றாவதும் கேட்டது, அதற்கும் கொடுத்தார்கள். நடுவே குழாய்க்காரர் தேநீர் போட்டு வந்தார். அவர் போட்ட தேநீரில் சர்க்கரை இல்லை என்று எக்ஸ்பிரஸும், இருக்கிறது, கலக்கவில்லை என்று அவரும் வாதாடிக்கொண்டிருக்கும்போதே மாடி ஏறி முடிந்தது.

ஊரைத் திறக்கிற பொறுப்பை எக்ஸ்பிரஸ் அண்ணியிடமே விட்டாள். பென்டிரைவைத் திரும்பக் கொடுத்தாள். அந்தப் பழைய கம்ப்யூட்டர் எதையும் யோசித்துத்தான் செய்யும். திரை கறுத்தது. ரொம்ப நேரம் கறுப்பாகவே இருந்தது. நிதானம் கண்ணை மூடிக்கொண்டாள். கடவுளிடம் ஒரு விளையாட்டு ஊருக்காக வேண்டுவது சரியா என்று அவளுக்கு எப்போதும் ஒரு கூச்சம் உண்டு. அன்றைக்குக் கூச்சம் இல்லை. அவள் கேட்டது ஊரை அல்ல என்று அவருக்குத் தெரியும்.

"வந்துடுச்சு" என்றாள் எக்ஸ்பிரஸ்.

மரங்கள் வந்தன. நேரான தெருக்கள் வந்தன. ஆறு வந்தது. ஆற்றின் மேல் ஒரு பாலம். பெரிய பாலம், இரண்டு பக்கமும் விளக்கு வரிசை. அந்தக் கரையில் எக்ஸ்பிரஸ் வீதிகளின் அமளியிலிருந்து கிளம்பி, கம்பீரமாக வந்து, ஆற்றின் நடுவில் அப்படியே நின்றுபோயிருந்தது.

நிதானம் அவளைத் திரும்பிப் பார்த்தாள். எக்ஸ்பிரஸ் தன் தேநீர் டம்ளருக்குள் எதையோ தேடினாள்.

"முழுசா கட்டியிருப்பேன். அப்புறம் தோணிச்சு, இந்தக் கரை உங்களோடது. உங்க பாதியை நீங்க கட்டுங்கன்னு விட்டுட்டேன்."

வாரம் முழுக்கத் தன் வேகத்தில் கட்டியவள் பாதியில் நிறுத்தியது அந்த ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். நிதானம் திரைக்குப் பக்கத்தில் குனிந்து, பாலத்தின் நுனியிலிருந்து தன் கரைக்கு ஒரு நேர்கோடு விரலால் இழுத்துப் பார்த்தாள். விரல் போய் நின்ற இடம் கழிவுநீர் நிலையம்.

குழாய்க்காரர் தேநீரைத் துப்பாத குறை. "ஊருக்குள்ள வர்றவன் முதல்ல மூக்கைப் பிடிச்சுக்கணும்" என்றார். அளந்து பார்த்தாயா என்று நிதானம் கேட்டாள். அளந்தெல்லாம் பார்க்கவில்லை என்றாள் எக்ஸ்பிரஸ். கேட்டதும் சொன்னதும் இரண்டு பேர் காதிலும் ஒரே மாதிரி விழுந்திருக்க வேண்டும். கூடத்து மூலையில் நின்ற பீரோவை இருவரும் ஒருதரம் பார்த்துக்கொண்டார்கள்.

"அன்னைக்கு நானும் அளக்கலை" என்றாள் நிதானம். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

கழிவுநீர் நிலையத்தை இடம் மாற்ற வேண்டும். அதற்கு முன்னால் குழாய்களை மாற்ற வேண்டும், அந்தத் தெரு ஜனங்களுக்கு வேறு இடத்தில் வீடு பார்க்க வேண்டும், மரங்களைத் தொடக் கூடாது. நாலைந்து ஞாயிறு ஆகும் என்றாள் நிதானம். எக்ஸ்பிரஸ் அதற்கு அலுத்துக்கொள்ளவில்லை. ஆகட்டும், நான் வந்து பார்த்துக்கொண்டே இருக்கிறேன், நீங்கள் பாட்டுக்கு மெதுவாகச் செய்யுங்கள் என்று சொல்லி டம்ளரை நீட்டி, இந்தத் தடவை கலக்கிக் கொடு அண்ணா என்றாள்.

சட்டப்படி பென்டிரைவில் இருந்த ஊரை நிதானம் அழித்தாள். பிறகு யாரும் கேட்காமலேயே குப்பைத்தொட்டிப் படத்தைத் தொட்டு, கொட்டிவிடு என்றாள். காகிதம் கசங்குகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. குழாய்க்காரருக்கு மட்டும் அது என்னவென்று தெரியும். அவர் சர்க்கரை டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தார்.